கரப்பான் காலும் மண்புழுவும்: வகுப்பறையில் நரம்பு செல் சோதனை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் சனிக்கிழமை அறிவியல் கிளப் நடக்கும், அதில் சில வருடங்களாக உதவிக்குப் போகிறேன். பாடம் எடுப்பது உயிரியல் ஆசிரியை. ஊசி, வயர், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள் அங்கே கரப்பான் காலிலும் மண்புழுவிலும் நரம்பு செல்லின் சைகையைத் தாங்களே பதிவு செய்கிறார்கள். இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் "உவ்வே", அப்புறம் அடுக்கடுக்காகக் கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஒரே மூச்சில் சொல்லுங்கள், என்ன சோதனை இது?

ஒரு கரப்பான் பூச்சியை ஐஸ் தண்ணீரில் போட்டு அசைவில்லாமல் ஆக்கி, ஒரே ஒரு காலை வெட்டி எடுத்து, அதில் இரண்டு குண்டூசி குத்தி, ஊசிகளை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, காலில் இருக்கும் முள்ளைப் பல்குச்சியால் தொட்டால் ஸ்பீக்கரில் பொரி வெடிக்கிற மாதிரி சத்தம் வரும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு நரம்பு செல் அனுப்புகிற ஒரு சைகை. இவ்வளவுதான் விஷயம், மீதி எல்லாம் விளக்கம்.

போயும் போயும் கரப்பானா? மனித நரம்பும் அதன் நரம்பும் ஒன்றா?

அடிப்படையில் ஒன்றுதான். செல்லுக்கு உள்ளே வெளியே சோடியம், பொட்டாசியம் அயனிகளின் அளவு வித்தியாசமாக இருக்கும்; அதனால் உள்பக்கம் சும்மா இருக்கும்போது மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும்; தூண்டல் வந்ததும் சோடியம் வாசல்கள் திறந்து, ஒரு மில்லி விநாடிக்குள் பிளஸ் பக்கம் தாவி, பொட்டாசியம் வெளியேறியதும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். பள்ளிப் புத்தகத்தில் செயல்நிலை மின்னழுத்தம் என்று ஒரு மலை மாதிரிப் படம் போட்டிருப்பார்களே, அதுதான். இந்த வேலை கரப்பானிலும் நடக்கிறது, உங்கள் சுண்டுவிரலிலும் நடக்கிறது.

சொல்லப்போனால் மனித நரம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த மாதிரி எளிய உயிர்களிடம் கற்றதுதான். கணவாய் மீனில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் தடிமனான ஆக்சான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, இருக்கிறது, வெறும் கண்ணுக்கே தெரியும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் இங்கிலாந்தின் பிளைமவுத் கடற்கரை ஆய்வகத்தில் அதற்குள்ளேயே மின்முனையைச் செருகித்தான் மேலே சொன்ன சோடியம், பொட்டாசியம் கதையைக் கண்டுபிடித்தார்கள். 1952-ல் கட்டுரைகள், 1963-ல் நோபல். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன, சி. எலிகன்ஸ் என்கிற நூல்புழுவிடம் இருப்பது மொத்தமே 302. எண்ணிக்கையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், ஒரு செல் வேலை செய்கிற விதத்தில் அப்படி இல்லை.

ஸ்பீக்கரில் கேட்பது நரம்பின் சத்தமா?

இல்லை. நரம்பு சத்தமே போடாது. ஊசிகளுக்கு நடுவே ஏற்படுகிற மிகச்சிறிய மின்னழுத்த மாற்றத்தைப் பல நூறு மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறோம், அது 'டப்' என்று தள்ளுகிறது. அதே சமிக்ஞையைச் செல்போனுக்குக் கொடுத்தால் திரையில் கோடாக ஓடும், நடுநடுவே ஈட்டி மாதிரி எழும். பிள்ளைகளுக்கு முதலில் ஸ்பீக்கரை மட்டும் போட்டுக் காட்டுவது என் வழக்கம். திரையைக் கொடுத்துவிட்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது, காலை யாரும் பார்ப்பதில்லை.

கரண்ட் என்கிறீர்களே, ஷாக் அடிக்காதா?

அடிக்காது. பெட்டி ஓடுவதே 9 வோல்ட் பேட்டரியில்தான், அதுவும் நாம் காலிலிருந்து வாங்குகிறோமே தவிர காலுக்குக் கொடுப்பதில்லை.

என்னென்ன சாமான் வேண்டும்?

முக்கியமானது அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் படித்துக்கொண்டிருந்த கிரெக் கேஜ், டிம் மர்சுல்லோ இருவரும் "பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு இருக்கிற கருவியைப் பள்ளிக்கூடம் வாங்குகிற விலையில் செய்ய முடியாதா" என்று ஆரம்பித்தது, பேக்யார்டு பிரெய்ன்ஸ் என்ற நிறுவனமாக ஆன் ஆர்பரில் வளர்ந்தது. பெட்டிக்கு ஸ்பைக்கர்பாக்ஸ் என்று பெயர். 2012-ல் பிளாஸ் ஒன் இதழில் இதைப் பற்றிக் கட்டுரையும் வந்தது. சுற்றுப்படம் எல்லாருக்கும் திறந்தது, சால்டரிங் தெரிந்த பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளலாம். எங்கள் கிளப்பில் இரண்டு பெட்டி கடையில் வாங்கியது, ஒன்று பிள்ளைகள் செய்தது. பிள்ளைகள் செய்ததுதான் இதுவரை பழுதாகவில்லை.

மற்றபடி குண்டூசி, தக்கைத் துண்டு, சின்னக் கத்தரி, பல்குச்சி, ஐஸ், கையுறை. கரப்பான் நம் வீட்டுச் சமையலறையில் ஓடுகிற ஜாதி இல்லை. டிஸ்காய்டு கரப்பான் என்று தென்னமெரிக்கப் பக்கத்து இனம், அகலமாக, நிதானமாக நடக்கும், வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாது. பல்லி வளர்ப்பவர்களுக்குத் தீனியாக விற்கிறார்கள். சாக்கடையில் பிடித்தது வேண்டவே வேண்டாம், அது எதை மிதித்துவிட்டு வந்ததோ. இன்னொன்று, ஆஸ்துமா, வீசிங் இருக்கிற பிள்ளைகளை இந்த மேசைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

கரப்பானை ஐஸ் தண்ணீரில் சில நிமிடம் விட்டால் அசைவு நின்றுவிடும். அதற்கு நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, சுற்றுப்புறம் குளிர்ந்தால் நரம்பும் தசையும் சேர்ந்து படுத்துவிடும். நன்றாக அசைவு நின்றதா என்று பார்த்துவிட்டு, ஒரு காலை உடம்போடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். தயங்கித் தயங்கி அறுக்கக் கூடாது, அதனால் எங்கள் கிளப்பில் கத்தரி எப்போதும் ஆசிரியை கையில்தான். கரப்பானை உடனே அதன் டப்பாவில் விட்டுவிடுவோம், சூடு ஏறியதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும்.

காலைத் தக்கை மேல் படுக்க வைத்து, உடம்புப் பக்கத்து நுனியில் ஒரு ஊசி, தொடைத் துண்டில் ஒரு ஊசி. அவ்வளவுதான், பெட்டியை ஆன் பண்ணுங்கள். யாரும் தொடாமலேயே 'டப்... டப்டப்...' என்று விட்டுவிட்டுக் கேட்கும். அப்புறம் லேசாக ஊதுங்கள். மூச்சுப் பட்ட அந்தக் கணமே படபடவென்று பொரியும், நிறுத்தினால் அடங்கும். ஒரு பெண் ஊதிவிட்டு, கேட்டுவிட்டு, எதுவும் பேசாமல் தன் கையில் இருக்கும் பூனைமுடியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெறும் 'உம்ம்ம்' என்றுதான் கேட்கிறது. என்ன தப்பு?

வீட்டு மின்சாரம். அமெரிக்காவில் விநாடிக்கு 60 முறை, இந்தியாவில் 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிற மின்சாரம் சுவருக்குள்ளும் கூரையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஊசியும் வயரும் ஆன்டெனா மாதிரி அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். டியூப் லைட்டை அணையுங்கள், மேசையை ஜன்னல் பக்கம் தள்ளுங்கள், வயரைக் குட்டையாக வையுங்கள்.

ஒரு சனிக்கிழமை நாற்பது நிமிடம் எங்களுக்கு வெறும் உம்ம்ம்தான். ஊசியை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், வேறு காலும் வைத்துப் பார்த்தாயிற்று, அந்தக் காலும் வீண். கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன் தன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான், அந்த நொடியே கால் பேச ஆரம்பித்தது. பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பே அந்தச் சார்ஜரில்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. அதிலிருந்து பிளக்குகளைப் பார்க்காமல் கரப்பான் டப்பாவைத் திறப்பதில்லை.

முள்ளை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், சத்தம் பெரிதாகவே ஆகவில்லையே?

ஆகாது! இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நரம்பு செல்லுக்குச் சின்னக் குரல், பெரிய குரல் கிடையாது. சைகை அனுப்பினால் முழுசாக அனுப்பும், இல்லையென்றால் அனுப்பவே அனுப்பாது. மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே செல்லின் 'டப்' ஒரே உயரம்தான். மாறுவது எண்ணிக்கை. கதவைத் தட்டுகிற ஆள் எப்போதும் ஒரே பலத்தில்தான் தட்டுவான், அவசரம் என்றால் அடுத்தடுத்து தட்டுவான், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். மென்மையாகத் தொட்டபோது விநாடிக்கு எத்தனை, அழுத்தியபோது எத்தனை என்று பதிவை வைத்து எண்ணச் சொல்லுங்கள். செல்போனில் எண்ணுகிற வசதி இருக்கிறது, ஆனாலும் முதல் தடவை பென்சிலால் கோடு போட்டுக் கையால் எண்ணினால்தான் மண்டையில் ஏறும்.

திரையில் சில ஈட்டிகள் உயரமாகவும் சில குட்டையாகவும் தெரிகிறதே என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். அவை வேறு வேறு செல்கள். ஊசிக்குக் கிட்டே இருப்பதும் தடிமனாக இருப்பதும் உயரமாகத் தெரியும், தள்ளி இருப்பது குட்டையாக. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்தால் அதன் உயரம் மாறாது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது எட்கர் ஏட்ரியன், கேம்பிரிட்ஜில். 1926-ல் ஸாட்டர்மேன் என்பவரோடு சேர்ந்து தவளையின் தசையில் உள்ள இழுவிசை உணர் செல் ஒன்றைத் தனியாகப் பதிவு செய்தார். எடை கூடக்கூட சைகையின் எண்ணிக்கைதான் கூடியது, அளவு இல்லை. 1932-ல் ஷெரிங்டன் என்ற இன்னொரு நரம்பியல் ஆய்வாளரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டார். இதே ஏட்ரியன் இன்னொரு சமயம் ஒரு தேரையின் பார்வை நரம்பில் மின்முனை வைத்துவிட்டு இருட்டறையில் நடமாடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் திரும்பத் திரும்பப் படபடத்ததாம். எங்கே கோளாறு என்று தேடிப் பார்த்தால், கோளாறே இல்லை. தேரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் நகர்கிறபோதெல்லாம் அதன் நரம்பு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு லேப்டாப் சார்ஜர், அவருக்குத் தேரையின் கண்!

முள்ளை அழுத்தி அப்படியே பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். முதலில் படபடவென்று பொரியும், பிடித்திருக்கப் பிடித்திருக்கக் குறைந்துகொண்டே வரும். உங்கள் இடுப்பில் இருக்கிற வேட்டியோ பெல்ட்டோ இந்த வரியைப் படிக்கும் வரை உங்களுக்கு ஞாபகம் இல்லை அல்லவா, அதன் ஆரம்பம் இந்தத் தளர்ச்சிதான்.

உடம்பை விட்டுப் போன கால் எப்படி இன்னும் வேலை செய்கிறது?

பல்லி வால் துண்டாகித் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரப்பான் கால் அதைவிடக் கெட்டி. பூச்சிக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து வருவதில்லை, உடம்பெங்கும் காலுக்குள்ளும்கூட மூச்சுக்குழல்கள் காற்றை நேராகக் கொண்டுபோகின்றன. அதனால் வெட்டிய பிறகும் காற்று ஓரளவு கிடைத்துக்கொண்டிருக்கும், செல்லில் மிச்சமிருக்கும் சக்தியில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஓடும். பெரும்பாலும் காய்ந்துபோவதால்தான் சத்தம் நிற்கிறது.

பாட்டுக்குக் கால் ஆடுமாமே?

ஆடும். செல்போனின் இயர்போன் வயரை வெட்டி ஊசிகளில் மாட்டிப் பாட்டு போட்டால், தவில் மாதிரியோ டிரம் மாதிரியோ அடிச்சத்தம் வருகிற இடங்களில் கால் வெட்டி வெட்டி ஆடும். புல்லாங்குழலுக்கு ஆடாது. ரசனை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். தாழ்ந்த சுருதியில் மின்சாரம் ஒரே பக்கமாகத் தள்ளுகிற நேரம் அதிகம், நரம்பு செல்லைத் தூண்டும் அளவுக்கு அது போதும். உச்சஸ்தாயியில் இப்படித் தள்ளி முடிப்பதற்குள் அப்படி இழுத்துவிடும், செல் எதற்கும் அசையாது. முன் சோதனையில் காலிலிருந்து வாங்கினோம், இதில் காலுக்குக் கொடுக்கிறோம். பிள்ளைகள் வீடியோ எடுக்க ஆசைப்படுவது இதைத்தான். எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை, பத்து நிமிடத்தோடு முடித்துவிடுவேன்.

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது. எதைச் செய்வது?

மண்புழு. கரப்பான் கால் ஆளை உட்கார வைக்கும், ஆனால் மண்புழுவில்தான் பிள்ளைகள் கையில் ஒரு அளவு கிடைக்கிறது. நரம்பில் செய்தி என்ன வேகத்தில் போகிறது? இந்தக் கேள்விக்கு அவர்களே எண் கண்டுபிடிக்கிறார்கள். போதாக்குறைக்கு எதையும் வெட்ட வேண்டியதும் இல்லை.

மண்புழுவின் நீளத்துக்கும் மூன்று பெரிய நரம்பிழைகள் ஓடுகின்றன, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தலைப் பக்கம் தொட்டால் நடு இழை பேசும், வால் பக்கம் தொட்டால் பக்கத்து இழைகள். பறவை கொத்த வரும்போது புழு வெடுக்கென்று வளைக்குள் இழுத்துக்கொள்கிறதே, அந்த வேலைக்காக வந்த வேகப்பாதை இது.

மிச்சிகனில் தூண்டில் போடுபவர்களுக்காக பெட்ரோல் பங்கிலேயே தெர்மாகோல் கப்பில் மண்புழு விற்பார்கள், லும்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ் என்கிற நீளமான ஜாதி. பத்து சதவீத எத்தனால் கரைசலில் சில நிமிடம் வைத்தால் மயங்கும். தண்ணீரில் அலசி ஈரமான தக்கையில் நீட்டிப் படுக்க வைத்து, மெல்லிய ஊசிகளை இரண்டு இடத்தில் ஓரமாகச் செருக வேண்டும். அப்புறம் மரக்குச்சியால் தலையை லேசாகத் தட்டினால் முதல் இடத்தில் ஒரு ஈட்டி, கண் சிமிட்டுவதற்கு எவ்வளவோ முன்னாலேயே இரண்டாம் இடத்தில் ஒரு ஈட்டி. உலோகக் குச்சி வேண்டாம், அது பட்டாலே திரையில் பொய்யாக ஒரு துள்ளல் வரும்.

இரண்டு இடத்துக்கும் நடுவே 4 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் 2 மில்லி விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 20 மீட்டர். வாலில் தட்டினால் அதே 4 சென்டிமீட்டருக்கு 4 மில்லி விநாடி மாதிரி வரும், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். ஏன் பாதி? பக்கத்து இழைகள் மெல்லியவை. குழாய் குறுகினால் தண்ணீர் ஓட்டம் குறைகிற மாதிரி, இழை மெலிந்தால் உள்ளே மின்தடை கூடி வேகம் குறைகிறது. புத்தகத்தில் ஒரே வரியில் மனப்பாடம் செய்கிற இந்த விஷயத்தைப் பிள்ளைகள் ஒரு புழுவின் தலையையும் வாலையும் தட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதற்காகத்தான் நான் மண்புழுவின் கட்சி. ஒப்பிட்டுப் பார்க்க, நம் கை நரம்புகளில் வேகமானவை விநாடிக்கு 50, 60 மீட்டர் போகும். மயலின் என்கிற கொழுப்பு உறை இல்லாத மெல்லிய வலி நரம்புகள் சுமார் 1 மீட்டர்தான். கால்விரலை நாற்காலியில் இடித்துக்கொண்டால் 'இடித்துவிட்டது' என்பது முதலில் தெரிந்து, ஒரு நொடி கழித்து விண்விண் என்று வலிப்பது இதனால்தான்.

ஊசிகூட வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ட்ரூவ்ஸ் என்பவர் மயக்கமும் கொடுக்காமல் ஊசியும் குத்தாமல், மண்புழுவை மின்முனைகள் பதித்த பலகை மேல் ஊர விட்டே இந்தச் சைகைகளைப் பதிவு செய்தார். 1978-லேயே கட்டுரை வந்துவிட்டது. ஈரத் தோல் வழியாகவே போதுமான சமிக்ஞை வருகிறது. பழைய சர்க்யூட் பலகையில் இதைச் செய்ய எங்கள் கிளப்பில் முயன்றுகொண்டிருக்கிறோம். புழு பலகையை விட்டு இறங்கிவிடுவதுதான் இப்போதைக்குப் பெரிய சிக்கல்.

தவளையை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் காலத்தில் தவளைதானே?

இந்தத் துறையே தவளைக் காலில் ஆரம்பித்ததுதான். இத்தாலியில் போலோனா நகரத்தில் கால்வானி 1780-களில் தவளைக் கால் மின்சாரத்துக்குத் துடிப்பதைப் பார்த்து 1791-ல் எழுதினார். வோல்ட்டா அவரோடு சண்டை பிடித்துத்தான் பேட்டரி பிறந்தது. அப்புறம் 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் வேகத்தை அளந்தார், விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். அவருடைய ஆசிரியர் ஜோஹன்னஸ் முல்லரோ அதை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்தார்.

அதெல்லாம் சரி, ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு இன்று தவளை தேவையில்லை. அதைக் கொன்றுதான் செய்ய வேண்டும், மண்புழு அதே பாடத்தைக் கொல்லாமலேயே சொல்லித்தருகிறது. இந்தியாவில் காட்டுத் தவளைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துக் காலை வெட்டி ஏற்றுமதி செய்து, வயலில் பூச்சி பெருகுகிறது என்ற கவலை வந்து, 1987-ல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். எங்கள் தலைமுறையில் கல்லூரிக்குத் தவளை பிடித்துக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

கரப்பானுக்கு வலிக்காதா?

கேட்க வேண்டிய கேள்வி. கேட்காத பிள்ளையிடம் நானே கேட்பேன்.

பூச்சிகளுக்கு அடிபட்டால் விலகுகிற உணர்வு நரம்புகள் உண்டு. அதற்கு மேல் நாம் 'வலி' என்று சொல்கிற துன்பம் அவற்றுக்கு உண்டா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. "அதுக்கெல்லாம் வலிக்காது" என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வலிக்கலாம் என்று வைத்துக்கொண்டு நடப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: முழுதாகக் குளிர்ந்த பிறகே வெட்டு, ஒரு வகுப்புக்கு ஒரு கால், விளையாட்டுக்காக இன்னொரு கால் கிடையாது. வெட்டைப் பார்க்க மனமில்லாத பிள்ளைக்கு மார்க் குறையாது, அவர்கள் பதிவை வைத்து எண்ணலாம். வீட்டில் செருப்பால் அடித்துக் கொல்கிறோமே, அதற்கு இது தேவலாம் என்று சிலர் வாதாடுவார்கள். அது வேறு கணக்கு, வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டிய கால் திரும்ப முளைக்கும் என்றார்களே?

பாதி உண்மை. இறக்கை முளைக்காத இளம் கரப்பான் தோலுரிக்கிறபோது கால் திரும்ப வளரும், முதலில் கொஞ்சம் சின்னதாக. வளர்ந்த கரப்பான் தோலுரிப்பதே இல்லை, அதனால் அதற்கு முளைக்காது. இதைச் சொல்லாமல் "முளைச்சிடும், கவலைப்படாதே" என்று பிள்ளையைச் சமாதானம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

கரப்பானை ரிமோட்டில் ஓட்டலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன், அது?

அதே பேக்யார்டு பிரெய்ன்ஸ் நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. உணர்கொம்பில் வயர் மாட்டி, முதுகில் சின்னப் பலகையை ஒட்டி, போனிலிருந்து தூண்டினால் பக்கத்துக்குப் பக்கம் திரும்பும். பெரிய சர்ச்சை கிளம்பியது. கொஞ்ச நேரத்திலேயே கரப்பான் பழகிப்போய்த் திரும்ப மறுத்துவிடும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். ஆனாலும் நாங்கள் செய்வதில்லை. பொம்மைக் கார் கையில் கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் எங்கள் பள்ளியில், கல்லூரியில் செய்யலாமா?

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் இருப்பவை லாம்பிட்டோ மாரிட்டி என்கிற மண்புழு, கரப்பான், தவளை மூன்றும்தான், அதனால் ஆசை வருவது நியாயம். ஆனால் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே புத்தகம், மாதிரி, படம் இவற்றால் கற்பிக்க முடிகிற இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் விலங்கியல் படிப்புகளில் அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-ல் முழுவதும் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆகவே நான் இங்கே செய்வதைப் பார்த்து அங்கே கத்தரியை எடுக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடமோ துறைத் தலைவரிடமோ கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

அப்படியானால் உயிரைத் தொடாமல் என்ன செய்யலாம்?

நிறைய. வீட்டுக் கரப்பானைக் கொல்லாமல் சும்மா பாருங்கள். அதன் பின்பக்கம் இரண்டு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் காற்றை உணரும் மெல்லிய முடிகள் வரிசையாக. நீங்கள் செருப்பை ஓங்கும்போது செருப்புக்கு முன்னால் காற்று போய் அந்த முடியை அசைக்கிறது. அங்கிருந்து பெரிய நரம்பிழைகள் வழியாகக் காலுக்குச் செய்தி போய் ஓட ஆரம்பிக்க, விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் ஆகும். ஒரு ஸ்ட்ராவை வைத்துப் பின்னாலிருந்து ஊதுங்கள், பக்கவாட்டில் ஊதுங்கள், எந்தப் பக்கம் திரும்பி ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

இன்னும் எளிது ஸ்கேல் சோதனை. நண்பன் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைத் தொங்கவிட்டுச் சொல்லாமல் விட வேண்டும், நீங்கள் விரலால் பிடிக்க வேண்டும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.175 விநாடி, 20 என்றால் 0.2 விநாடி. இந்த நேரத்தில் நரம்பு வழிப் பயணத்துக்கு ஆவது கொஞ்சம்தான், மீதியில் பெரும்பகுதி கண்ணும் மூளையும் எடுத்துக்கொள்கிற நேரம். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்குப் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் முன்னாலேயே பிடித்துவிடுவீர்கள்.

வாய்க்கால் வரப்பில் தொட்டாற்சிணுங்கி இருக்குமே, அதில்கூட மின்சைகைதான் இலை இலையாகப் போகிறது, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில். ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் நூறு வருடத்துக்கு முன்னாலேயே இதைத்தான் அளந்துகொண்டிருந்தார். ஸ்கேலையும் போனின் ஸ்லோ மோஷனையும் வைத்து நீங்களும் அளக்கலாம்.

இதனால் மார்க் கூடுமா?

எனக்குத் தெரிந்து நேராகக் கூடாது. செயல்நிலை மின்னழுத்தப் படத்தைப் பார்க்காமல் வரைவார்கள், அது மட்டும் நிச்சயம்.

சோதனை முடிந்ததும் அந்த உயிர்கள் என்ன ஆகும்?

மண்புழுவை அலசி, மண் டப்பாவில் தனியாக வைத்து, நன்றாக ஊர்கிறதா என்று இரண்டு நாள் பார்ப்போம். வெளித் தோட்டத்தில் விட மாட்டோம், அது இந்த மண்ணுக்கே வெளியூர்ப் புழு, ஐரோப்பாவிலிருந்து வந்தது. கிளப்பின் உரத் தொட்டியில்தான் மிச்ச வாழ்க்கை. கரப்பான்கள் கண்ணாடித் தொட்டிக்குள் ஆப்பிள் துண்டும் கேரட்டும் தின்றுகொண்டு இருக்கும். ஐந்து கால்காரர்களுக்குத் தனி மூலை ஒதுக்கி அட்டை வைத்திருந்தோம், அவர்கள் ஒரே ராத்திரியில் அட்டையைத் தாண்டி மற்றவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். எது எந்தக் கரப்பான் என்று அடையாளம் தெரிய, இப்போது முதுகில் நெயில் பாலிஷ் பொட்டு வைக்கிறோம், ஒரே கரப்பான் இரண்டு முறை மேசைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக.